பிரெஞ்சு கிராமத்தில் முதல் கிறிஸ்துமஸ்: 24ஆம் தேதி யாரும் கூப்பிடாவிட்டால் என்ன செய்வது?

மதுரைமல்லி84 | நவம்பர் 27

வணக்கம். ஒன்பது வருஷம் பாரிஸ் பக்கம் லா கூர்நேவில் குப்பை கொட்டிவிட்டு, போன ஆகஸ்டில் தெற்கே வொக்ளூஸுக்கு வந்துவிட்டோம். மோன் வந்தூ மலையடிவாரம். ஊரில் முந்நூறு பேர் இருந்தால் அதிகம். ஒரு ரொட்டிக்கடை, ஒரு சர்ச், ஒரு மெரி (ஊராட்சி அலுவலகம்), அப்புறம் கதவைப் பிய்த்துக்கொண்டு போகிற மிஸ்த்ரால் காற்று. தமிழ் பேச வேண்டுமென்றால் வீட்டுக்காரரோடு சண்டை போட்டால்தான் உண்டு.

லா கூர்நேவில் கிறிஸ்துமஸ் என்றால் மேல்மாடி சிலோன் அக்கா வீட்டில் கேக், எங்கள் வீட்டில் பிரியாணி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பொம்மை, முடிந்தது. இங்கே நவம்பர் பாதியிலிருந்தே ஊர் ஒரு மாதிரி பரபரப்பாக இருக்கிறது. எங்களிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை. பள்ளிக்கூட வாசலில் ஒரு அம்மாவிடம் "24 ராத்திரி என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "குடும்பத்தோடு" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தின மாதிரி இருந்தது.

நாமாகப் போய் அக்கம்பக்கத்தைக் கூப்பிடலாமா? தீபாவளிக்குச் செய்வதுபோல் பலகாரத் தட்டு கொண்டுபோய்க் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களா? நாங்கள் இந்து. சர்ச் பூசைக்கு உள்ளே போனால் யாராவது முறைப்பார்களா? ஏழு வயது மகள் தினமும் கேட்கிறாள், "நம்ம வீட்டுக்கு யாரும்மா வருவாங்க?" சின்னவனுக்கு நாலு வயது, அவனுக்கு எதுவும் தெரியாது, நிம்மதி.

லாஷப்பல்_வாசி | நவம்பர் 27

யாரும் வரமாட்டார்கள். அவிஞோனில் டிஜேவே அதிவேக ரயிலில் ஏறினால் இரண்டே முக்கால் மணி நேரத்தில் பாரிஸ். தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பலில் இறங்கி நாலு தோசை சாப்பிட்டு, நம் ஆட்களோடு இருந்துவிட்டுப் போங்கள். கூப்பிடாத வீட்டு வாசலில் தட்டோடு நிற்கிற பழக்கம் நமக்கு எதற்கு?

சொல்தா_மகன் | நவம்பர் 28

மல்லி அம்மா, அந்தக் "குடும்பத்தோடு" என்ற பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து நான் தூலோனுக்கு வந்தது 1971இல், அப்போது எனக்குப் பதினான்கு வயது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக இந்தப் பக்கத்துக் கிறிஸ்துமஸைப் பார்த்துவிட்டேன்.

24 ராத்திரி இவர்களுக்கு வீட்டு ஆட்களின் ராத்திரி. இருபது வருஷம் ஒன்றாகப் பந்து விளையாடிய சிநேகிதனைக்கூடக் கூப்பிட மாட்டார்கள். மகள் இந்த வருஷம் 24க்கு அம்மா வீடு, 25 மத்தியானத்துக்கு மாமியார் வீடு, அடுத்த வருஷம் மாற்றி. இதற்கே வீட்டுக்கு வீடு பஞ்சாயத்து நடக்கும். அதில் புதிதாக வந்தவர்களுக்கு இடம் இல்லை என்றால், உங்களைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம் கிடையாது. நம் வீட்டு இலைப் படையலுக்கு எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறோமா?

ஊருக்கென்று இருக்கிற நாட்கள் வேறு. டிசம்பர் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கம் ஒரு சந்தை போடும். சால் தே ஃபெத் என்கிற ஊர் விழா மண்டபத்தில் லோட்டோ என்கிற எண் சீட்டு விளையாட்டு நடக்கும். மெரியில் வயதானவர்களுக்கு விருந்தோ பரிசுப் பையோ கொடுப்பார்கள். ஜனவரியில் மேயர் ஊரைக் கூட்டி வாழ்த்துச் சொல்வார், அன்று எல்லாருக்கும் ராஜாக்கள் கேக் உண்டு. புதிதாக வந்தவர்கள் 24ஆம் தேதியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இத்தனையையும் கோட்டை விடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நாளைக்கே மெரிக்குப் போய், "விழாக் கமிட்டிக்கு நாற்காலி போட ஆள் வேண்டுமா?" என்று மட்டும் கேளுங்கள். சின்ன ஊரில் நாற்காலி தூக்கினவனுக்குத்தான் முதலில் பெயர் கிடைக்கும்.

பூசைக்குத் தாராளமாகப் போகலாம். வருஷம் முழுக்க அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் அன்றைக்கு ஒருநாள்தான் வருவார்கள், உங்களை முறைக்க அவர்களுக்கு ஏது முகம்? ஒன்று மட்டும்: நடுராத்திரிப் பூசை என்று பெயர் இருக்கும், மணி ஆறாக இருக்கும். ஒரே சாமியார் பத்துப் பதினைந்து ஊரைச் சுற்றுகிறார். சர்ச் கதவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பாருங்கள்.

நாஞ்சில்68 | நவம்பர் 28

மல்லி அக்கா, பலகாரத் தட்டுக்கு நான் கைதூக்குகிறேன். அல்சாஸில் கோல்மார் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன், நர்ஸ் வேலை. இங்கே டிசம்பர் முழுக்க பிரெடெலே என்று குட்டி பிஸ்கட் சுட்டுத் தகர டப்பாவில் போட்டு வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்வார்கள். வந்த முதல் வருஷம் எதிர்வீட்டு மதாம் ஒரு டப்பா கொடுத்தார். தின்று முடித்து, டப்பாவைப் பளபளவென்று கழுவித் துடைத்துக் காலியாகத் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொன்னதை விமானத்தில் ஏறும்போதே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்!

மறு வருஷம் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் போட்டு அனுப்பினேன். இப்போது டிசம்பர் பிறந்தால் "அந்தப் பூ பிஸ்கட் எப்போது?" என்று அவரே கேட்கிறார்.

எங்கள் பக்கம் இன்னொரு சௌகரியம், 26ஆம் தேதியும் விடுமுறை. அல்சாஸும் மொசெல்லும் 1871 முதல் 1918 வரை ஜெர்மனி கையில் இருந்தன. அப்போது வந்த விடுமுறை, இன்னும் அப்படியே இருக்கிறது. உங்களுக்கு 25 மட்டும்தான், 26 காலையில் வேலைக்கு ஓட வேண்டும். கொஞ்சம் பொறாமைப்பட்டுக்கொள்ளுங்கள்.

கொக்குவில்14 | நவம்பர் 29

தங்கச்சி, நான் நோர்மண்டியில், கான் நகரத்திலிருந்து அரை மணித்தியாலத் தூரத்தில் ஒரு சிறிய ஊர். எங்கட முதல் நத்தாருக்கு நடந்ததைச் சொல்லுறன், நீங்கள் அந்தப் பிழையை விடாதேங்கோ.

பக்கத்து வீட்டில் 25 மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டவை. வெறுங்கையோடு போகக்கூடாதென்று மனுசி வடிவான மஞ்சள் செவ்வந்திச் சட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தா. கதவு திறந்த மனிசி பூவைப் பார்த்துவிட்டு ஒரு கணம் அப்படியே நின்றா. பிறகுதான் விளங்கினது, பிரான்சில் செவ்வந்தி கல்லறைக்குப் போகும் பூ. நவம்பர் முதலாம் தேதி சவக்காலை முழுக்க அதுதான். நத்தாரன்று அதைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிறம்! சொக்லேட் பெட்டி கொண்டுபோனால் ஒரு வில்லங்கமும் இல்லை.

சாப்பாடு ஒரு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்குத்தான் முடிந்தது. சிப்பி வந்தது, பச்சையாக, எலுமிச்சம்புளி விட்டால் லேசாகச் சுருங்குது. நான் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினன். பிறகு மீன். பிறகு ஆப்பிள் ஐஸில் கல்வதோஸ் சாராயம் ஊற்றிச் சின்னக் கோப்பையில் தந்தவை. இனிப்பு வந்திட்டுது, சாப்பாடு முடிஞ்சுது என்று நினைச்சு ரெண்டாம் தரமும் வாங்கிக் குடிச்சன். அது வயிற்றில் இடம்விடக் குடிக்கிற சாமானாம், "நோர்மண்டி ஓட்டை" என்று பேர். அதுக்குப் பிறகுதான் செஸ்நட் கொட்டை அடைச்ச வான்கோழி வந்தது.

லாஷப்பல்_வாசி | நவம்பர் 29

எல்லாம் சரி. ஆனால் ஒரு கேள்வி. நாம்தான் பூசைக்குப் போக வேண்டும், நாம்தான் நாற்காலி தூக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது நம் பொங்கலுக்கு வந்ததுண்டா?

சொல்தா_மகன் | நவம்பர் 29

நீங்கள் கூப்பிட்டதுண்டா, மிசே?

மதுரைமல்லி84 | டிசம்பர் 4

ஒரு அதிசயம். உடனே சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

இன்று காலை பக்கத்து வீட்டு மதாம், எண்பத்தொரு வயது, இதுவரை போன்ழூரைத் தாண்டாதவர், கதவைத் தட்டினார். கையில் சின்னக் காகிதப் பை. உள்ளே கோதுமை. "இன்று சென்த் பார்ப், மறந்துவிடாதே, பிள்ளைகளை வைத்துப் போடச் சொல்" என்று வேகவேகமாகச் சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. அவரே உள்ளே வந்து மூன்று சாஸர் கேட்டார். ஒவ்வொன்றிலும் பஞ்சைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, கோதுமையை ஒரே சீராகப் பரப்பி, சமையலறை ஜன்னலோரம் வைத்தார். கிறிஸ்துமஸுக்குள் நேராக, பச்சையாக, அடர்த்தியாக வளர்ந்தால் வரும் வருஷம் விளைச்சல் நன்றாக இருக்குமாம். தண்ணீர் அதிகமானால் அழுகிவிடும், அளவாக ஊற்று என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார்.

எங்கள் அப்பத்தா ஊரில் முளைப்பாரி போடுவதை நேரில் பார்த்தவள் நான். ஓட்டுச் சட்டி, எரு, ஒன்பது தானியம், இருட்டு அறை, விரதம். வளர்ந்த உயரத்தைப் பார்த்து ஊர் மழையைச் சொல்வார்கள். இங்கே பஞ்சும் சாஸரும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு ஏன் என்று புரியவில்லை, "வெங்காயமா?" என்று கேட்டார்.

ஏட்டுச்சுரைக்காய் | டிசம்பர் 4

அருமை. உங்கள் புரொவான்ஸ் பகுதியில் கிறிஸ்துமஸ் இன்றைக்குத்தான் தொடங்குகிறது என்பார்கள், டிசம்பர் 4, புனித பார்பரா நாள். அந்தக் கோதுமை 24 ராத்திரி மேசைக்கு வரும், பத்திரமாக வையுங்கள்.

பக்கத்தில் கார்பன்த்ரா இருக்கிறதே, சான்தோன் பொம்மைகள் கண்ணில் படும், கவனியுங்கள். களிமண்ணில் செய்து வண்ணம் பூசியது. குழந்தை இயேசு, மாதா, சூசையப்பரோடு மீன் விற்பவள், சாணை பிடிப்பவர், மேயர், ரொட்டிக்காரர் என்று ஒரு முழுக் கிராமமே வரிசை கட்டும். பிரெஞ்சுப் புரட்சியில் சர்ச்சுகளை மூடியபோது குடில் வீட்டுக்குள் வந்தது. மார்செய்யில் 1803இலிருந்து இதற்கென்றே சந்தை நடக்கிறது. நமக்குக் கொலு ஞாபகம் வராமல் போகாது, செட்டியார் பொம்மை வரைக்கும் ஒத்துப்போகும்.

அந்தக் கூட்டத்தில் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி, வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற ஒரு வெகுளி உண்டு. எந்த வேலையும் தெரியாதவன், குழந்தையைக் கண்ட ஆனந்தம் மட்டும்தான் அவன் சொத்து. அவன் பெயர் ரவி.

லியோன்_ரவி | டிசம்பர் 5

அதையும் சொல்லிவிட்டீர்களா. ஒன்பது வருஷமாக ஒவ்வொரு டிசம்பரிலும் அலுவலகத்தில் யாராவது ஒருவர் அந்தப் பொம்மையை என் மேசையில் கொண்டுவந்து வைக்கிறார். இப்போது என்னிடம் ஒன்பது ரவி இருக்கிறது. என்னோடு பத்து.

மதுரைமல்லி84 | டிசம்பர் 10

நேற்று ராத்திரி ஏழு மணிக்கு வாசலில் யூனிஃபார்மில் இரண்டு போம்பியே. தீயணைப்பு ஆட்கள்! கேஸ் அடுப்பைப் பார்க்க ஓடினேன். வீட்டுக்காரர் புகைபோக்கியைப் பார்க்க ஓடினார். அவர்கள் சிரித்துக்கொண்டே ஒரு காலண்டரை நீட்டினார்கள். எவ்வளவு என்று கேட்டால் "உங்கள் விருப்பம்" என்கிறார்கள். எவ்வளவுதான் கொடுப்பது? பத்து யூரோ கொடுத்தேன். அதிகமா, குறைவா?

சொல்தா_மகன் | டிசம்பர் 10

பத்து நன்றாகவே இருக்கிறது. தபால்காரரும் வருவார், அவருக்கும் எடுத்து வையுங்கள். காலண்டர் படம் சுமாராகத்தான் இருக்கும், ஒன்றும் சொல்லாதீர்கள்.

பிரான்சில் போம்பியே ஐந்து பேரில் நாலு பேர் சம்பள வேலைக்காரர்கள் இல்லை, தொண்டுக்கு வருகிறவர்கள். நேற்று வந்தவர்களில் ஒருவர் உங்கள் ஊர் ரொட்டிக்கடைக்காரராகவோ மெக்கானிக்காகவோ இருப்பார். ஒரு கோப்பை காபி கொடுத்து ஐந்து நிமிஷம் நிற்க வைத்திருந்தால், மறுநாள் காலைக்குள் உங்கள் குடும்பக் கதை ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கும். நல்ல விதமாகத்தான்.

மதுரைமல்லி84 | டிசம்பர் 10

ஐயோ! அதனால்தான் அவர் முகம் தெரிந்த முகமாக இருந்தது. தினமும் பகெத் வாங்குகிற கடைக்காரர்!

இன்னொன்று. மகள் நோயல் (கிறிஸ்துமஸ்) தாத்தாவுக்குக் கடிதம் எழுதித் தபால்பெட்டியில் போட்டாள். நான் ஸ்டாம்பே ஒட்டவில்லை, சும்மா அவள் சந்தோஷத்துக்கு. இன்று பதில் வந்திருக்கிறது!

ஏட்டுச்சுரைக்காய் | டிசம்பர் 11

வரும். 1962இலிருந்து தபால் துறை இதற்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. பொர்தோ பக்கம் லிபூர்னில் உட்கார்ந்து பதில் எழுதுகிறார்கள். முதல் பதில் கடிதத்தை எழுதியவர் குழந்தைகள் மனோதத்துவ நிபுணர் பிரான்சுவாஸ் தோல்தோ. அப்போதைய தபால் அமைச்சர் அவருடைய தம்பி. தம்பி கேட்டார், அக்கா எழுதிக் கொடுத்தார்.

லாஷப்பல்_வாசி | டிசம்பர் 12

சந்தடி சாக்கில் ஒன்று. லைசித்தே (அரசின் மதச்சார்பின்மை) என்று நம் பிள்ளைகளின் நெற்றி விபூதியைப் பள்ளிக்கூடத்தில் அழிக்கச் சொல்கிறார்கள். மெரிக்குள் மட்டும் குடில் வைக்கலாமா?

ஏட்டுச்சுரைக்காய் | டிசம்பர் 12

நியாயமான கேள்விதான். வழக்கு போய், 2016 நவம்பர் 9ஆம் தேதி கொன்சேய் தெத்தா என்கிற உச்ச நிர்வாக நீதிமன்றத்தின் தீர்ப்பும் வந்தது. மதத்தை ஏற்றுக்கொண்டதாகக் காட்டாமல், கலை, பண்பாடு அல்லது பண்டிகை அடையாளமாக, தற்காலிகமாக இருந்தால் வைக்கலாம். மெரி மாதிரி அரசுக் கட்டடத்துக்குள் என்றால் உள்ளூர் வழக்கம் ஏதாவது இருக்க வேண்டும். எது பண்பாடு, எது மதம் என்று பிரிப்பதில் அவர்களுக்கே தலை சுற்றுகிறது. எனக்கு அந்தத் தீர்ப்பு நழுவலாகத்தான் தெரிகிறது, ஆனால் இந்த இழையில் அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

மதுரைமல்லி84 | டிசம்பர் 22

அவசரம்! பக்கத்து வீட்டு மதாம் 24 ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டுவிட்டார்!

காரணத்தைக் கேளுங்கள். அவர் குடும்பம் பன்னிரண்டு பேர். நேற்று பேரன் போன் பண்ணி, சிநேகிதியையும் அழைத்து வருகிறேன் என்றானாம். பதிமூன்று ஆகிவிட்டது. மேசையில் பதிமூன்று பேர் உட்காரவே கூடாதாம். "நீங்கள் வந்தால் பதினேழு, பிரச்சினை தீர்ந்தது" என்று நேராகவே சொன்னார். பள்ளிக்கூடச் சந்தையில் நான் மூன்று மணி நேரம் வாஃபிள் சுட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதிமூன்றுதான் எங்களை உள்ளே இழுத்திருக்கிறது.

என்ன எடுத்துப்போவது? என்ன உடுத்துவது? வீட்டுக்காரர் கறி தொடமாட்டார், மீன் மட்டும்தான். எப்படிச் சொல்வது?

சொல்தா_மகன் | டிசம்பர் 22

24க்குக் கூப்பிட மாட்டார்கள் என்று சத்தியம் பண்ணினவன் நான். தோற்றுவிட்டேன், சந்தோஷம்!

கறியைப் பற்றிக் கவலையே வேண்டாம். பழைய முறைப்படி செய்கிற வீடாக இருந்தால் அதற்குப் பெயர்தான் "பெரிய சாப்பாடு", உள்ளே கறி இருக்காது. பூசைக்கு முன்பு விரதச் சாப்பாடு என்று கணக்கு. மீன், கீரை, தண்டு, பூண்டு சூப். அதற்குப் பிறகுதான் பதிமூன்று இனிப்பு. பேர் பதிமூன்று ஆகக்கூடாது, இனிப்பு பதிமூன்றுக்குக் குறையக்கூடாது. இயேசுவும் பன்னிரண்டு சீடர்களும் என்பார்கள்.

எட்டு மணி என்றால் எட்டேகாலுக்குப் போங்கள். முன்னால் போய் நிற்காதீர்கள். புடவை கட்டுங்கள், மேலே தடியாக ஸ்வெட்டர் போடுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய் | டிசம்பர் 22

இனிப்பு பழைய வழக்கம்தான், பதிமூன்று என்ற கணக்கு மட்டும் 1920களில்தான் நிலைத்தது. இதை அந்த மேசையில் சொல்லிவிடாதீர்கள். நான் ஒருமுறை சொல்லி, காபி கிடைக்கவில்லை.

நாஞ்சில்68 | டிசம்பர் 22

அக்கா, பிரியாணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அவர்கள் சாப்பாட்டு வரிசை ஒரு வாரத்துக்கு முன்பே முடிவாகியிருக்கும். இனிப்பு ஏதாவது, கொஞ்சமாக.

மதுரைமல்லி84 | டிசம்பர் 26

இரண்டு நாளாக மூச்சு விட நேரமில்லை. சொல்கிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

பூசை ஆறு மணிக்கு. சர்ச் உள்ளே வெளியைவிடக் குளிர், கொக்குவில் அண்ணன் இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். யாரும் முறைக்கவில்லை. போம்பியே ரொட்டிக்கடைக்காரர் தன் பக்கத்தில் நகர்ந்து இடம் கொடுத்தார்.

மதாம் வீட்டு மேசையில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று வெள்ளைத் துணி. இன்று ராத்திரிக்கு ஒன்று, நாளை மத்தியானத்துக்கு ஒன்று, நாளை ராத்திரிக்கு ஒன்று. மூன்று மெழுகுவத்தி. நடுவில் மூன்று சாஸர் கோதுமை, சிவப்பு ரிப்பன் கட்டி. எங்கள் வீட்டுக் கோதுமையைவிட அவருடையது குட்டை! பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. துணியின் நாலு மூலையையும் மேலே சுருட்டி வைத்திருந்தார். பேய் பிசாசு ஏறி வந்துவிடுமாம். கடைசியில் யாரும் உட்காராத ஒரு தட்டு. வழியில் வருகிற ஏழைக்காம்.

உட்காருவதற்கு முன்பு, வீட்டில் மூத்தவரும் இளையவரும் சேர்ந்து ஒரு விறகுக்கட்டையைத் தூக்கி மேசையை மூன்று சுற்று வர வேண்டும். பழமரத்துக் கட்டைதான் வேண்டுமாம், அது செர்ரி. மூத்தவர் மதாம். இளையவரைத் தேடினால், அங்கிருந்தவர்களில் வயதில் சின்னவன் எங்கள் நாலு வயதுக்காரன். அவன் ஒரு முனை, மதாம் ஒரு முனை. இவன் உயரத்துக்கு அவர் குனிந்தே நடந்தார். மூன்றாவது சுற்றில் இவன் கட்டையை விட்டுவிட்டு, காலில் விழுந்துவிட்டது என்று அழுதான். விழவில்லை. அப்புறம் அடுப்பில் வைத்து, காய்ச்சின இனிப்பு ஒயினை மூன்று தடவை ஊற்றி, மதாம் புரொவான்சால் மொழியில் ஏதோ சொன்னார். பேரன் எனக்கு பிரெஞ்சில் சொன்னான்: "அடுத்த வருஷம் நாம் எண்ணிக்கையில் கூடாவிட்டாலும், குறையாமல் இருப்போமாக." அவர் வீட்டுக்காரர் போன வசந்தத்தில்தான் இறந்திருக்கிறார். அது எங்களுக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் வந்தது ஆகஸ்டில்.

சாப்பாடு ஐயா சொன்னதேதான். உப்புப் போட்டு உலர்த்திய மீனை ஊறவைத்து, தக்காளியும் ஒயினும் விட்ட குழம்பில் போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் "நம்ம கருவாட்டுக் குழம்புக்குத் தூரத்துச் சொந்தம்" என்று தமிழில் சொல்லிவிட்டு இரண்டு தடவை வாங்கினார். கார்த் என்று ஒரு தண்டு, லேசான கசப்பு, எனக்குப் பிடித்தது. சின்னவன் ரொட்டி மட்டும்.

இனிப்புதான் கதை. வாதாம், வால்நட், உலர்ந்த அத்தி, திராட்சை இந்த நாலும் நாலு வகைத் துறவிகளுக்காம். அப்புறம் கறுப்பு நூகா, தேனைக் காய்ச்சி வாதாம் போட்டது, கண்ணை மூடிக்கொண்டு தின்றால் கோவில்பட்டி. வெள்ளை நூகா, பேரீச்சை, சீமை மாதுளை அல்வா, ஆப்ட் ஊரில் சர்க்கரையில் ஊறவைத்த பழம், கலிசோன் என்கிற வாதாம் இனிப்பு, ஆரஞ்சு, மாண்டரின், போம்ப் என்கிற ஆலிவ் எண்ணெய் ரொட்டி. நான் கொண்டுபோனது அதிரசம். கொண்டுபோய் வைத்ததும் ஒரு மருமகள் எண்ணினாள். பதினாலு! மேசையே அமைதியாகிவிட்டது. நான் தட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினேன். மதாம் எழுந்து வந்தார். ஆரஞ்சுத் தட்டை எடுத்து மாண்டரின் தட்டில் கவிழ்த்தார். "இரண்டும் ஒரே பழம்தான். பதிமூன்று" என்றார். உட்கார்ந்தார்.

அப்புறம் நான் பண்ணின காரியம். அந்தப் போம்பை வெட்டக் கத்தியை எடுத்தேன். பதின்மூன்று பேரும் ஒரே குரலில் "நோ!" கத்தி பட்டால் வரும் வருஷம் கடனில் போய்விடுவோமாம், கையால்தான் பிய்க்க வேண்டும். கத்தி என் கையிலிருந்து பறிக்கப்பட்டது. மகள் இதை இன்னும் நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

மீதியை மேசையிலேயே மூன்று நாள் விட்டுவைப்பார்களாம். நேற்றும் இன்றும் யார் யாரோ வந்து ஒரு வாய் தின்றுவிட்டுப் போகிறார்கள். 24க்கு யாரையும் கூப்பிடாத ஊர், 25 சாயங்காலத்திலிருந்து கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. இது எனக்குத் தெரியாது. பள்ளிக்கூட வாசலில் "குடும்பத்தோடு" என்று சொன்ன அந்த அம்மாவை இன்று அங்கேதான் பார்த்தேன், மதாமின் அண்ணன் மகளாம். அதிரசம் எப்படிச் செய்வது என்று கேட்டாள். பாகு பதம் என்பதை பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

கொக்குவில்14 | டிசம்பர் 26

சர்ச் குளிரைச் சொல்லாமல் விட்டதுக்கு மன்னிக்கவேணும். எங்கட ஊரில் கம்பளிப் போர்வையோடு வருவினம்.

லியோன்_ரவி | டிசம்பர் 27

பாகுக்குச் சொல் கேட்டீர்களே. "உருட்டினால் உருண்டு வர வேண்டும்" என்று கையால் செய்து காட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் சமாளித்தேன். வாழ்த்து அட்டை அனுப்ப மறந்துவிட்டதே என்று யாரும் பதற வேண்டாம், இவர்கள் புத்தாண்டு வாழ்த்துதான் அனுப்புவார்கள், ஜனவரி 31 வரைக்கும் நேரம் உண்டு.

மதுரைமல்லி84 | ஜனவரி 19

மேயர் வாழ்த்துக் கூட்டம் முடிந்தது. சாக்கடைக் குழாய், பள்ளிக்கூடக் கூரை, போன வருஷம் பிறந்தவர்கள், இறந்தவர்கள் என்று நாற்பது நிமிஷம் பேசினார். புதிதாக வந்த குடும்பங்களை எழுந்து நிற்கச் சொன்னார். எங்கள் பெயரைத் தப்பாகப் படித்தார், பின்வரிசையிலிருந்து ரொட்டிக்கடைக்காரர் கத்தித் திருத்தினார். ராஜாக்கள் கேக் இங்கே வட்டமாக, வளையல் மாதிரி, மேலே சர்க்கரைப் பழம் வைத்து வருகிறது. கேக்குக்குள் ஒளித்திருந்த ஃபெவ் பொம்மை மகளுக்குக் கிடைத்தது, கிரீடத்தோடுதான் தூங்கினாள்.

கோதுமையை முளைப்பாரி மாதிரி ஓடையில் விடலாமா என்று மதாமிடம் கேட்டேன். பதறிப்போய், தோட்டத்தில் மண்ணில் நட வேண்டும் என்றார். நட்டாயிற்று.

இப்போது ஒரே ஒரு சிக்கல். நேற்று லோட்டோவில் வீட்டுக்காரர் "கீன்!" என்று கத்தி ஒரு வரிசை ஜெயித்துவிட்டார். பரிசு, உப்புப் போட்டு உலர்த்திய முழுப் பன்றித் தொடை ஒன்று. ஏழு கிலோ. எங்கள் சமையலறையில் தொங்குகிறது. இருவருமே தொடமாட்டோம். யாருக்காவது கொடுத்தால் பரிசை அவமதித்ததாக நினைப்பார்களா?

சொல்தா_மகன் | ஜனவரி 19

பத்திரமாக வையுங்கள் அம்மா. அடுத்த லோட்டோவுக்குப் பரிசாக நீங்களே கொடுத்துவிடலாம், ஊரில் பாதித் தொடை அப்படித்தான் சுற்றிவருகிறது.

லாஷப்பல்_வாசி | ஜனவரி 20

அவிஞோன் வரைக்கும் டிக்கெட் நானே போட்டுக்கொள்கிறேன். அதற்குள் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.